மண் சுமந்த மாணவர்கள்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது யான் பெரிதும் தயங்கினேன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லேன். பள்ளி இறுதித் தேர்வோடு ஏட்டை மூடிவிட்டு, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதப் புகுந்தவன். எத்தனை மூட்டை வந்தன, எத்தனை மூட்டை போயின, எடை என்ன, கட்டணம் என்ன என்று எழுதிப் பழகிய கைக்கு வரலாறு எழுதும் தகுதி உண்டா என்ற ஐயம் எழுந்தது. ஆயினும் சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே என்னை எழுதத் தூண்டிற்று. அதனை முதற்கண் கூறிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம், வெள்ளத்தால் வீடிழந்தோர்க்கு உதவும் நிதிக்கென்று பள்ளியில் ஒரு ரசீதுப் புத்தகம் கொடுத்தனுப்பினர். இருபத்தைந்து ஏடுகள், ஏடு ஒன்றுக்குப் பத்து ரூபாய். குழந்தை மூன்று வீடுகளுக்குச் சென்றாள். மூன்று ரசீதுகள் கிழிந்தன. அதன் பின்னர்ப் பிறர் வீட்டுக் கதவைத் தட்ட வெட்கப்பட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டாள். கெடு முடியும் நாளன்று இரவு யானே பேனாவை எடுத்தேன். ஊரிலுள்ள அத்தை, மாமா, சித்தப்பா ஆகியோர் பெயரையெல்லாம் எழுதி, எஞ்சிய இருபத்திரண்டு ஏடுகளையும் நிரப்பி, 220 ரூபாயை என் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்தேன். குழந்தைக்கு நற்சான்றிதழ் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு வந்து என் கையில் தந்தவள், "அப்பா, இதில் நான் கொடுத்தது எது?" என்று கேட்டாள். கணக்கெழுதிப் பிழைக்கும் யான் அந்தக் கணக்குக்கு விடை கூற இயலாமல் நின்றேன்.

அவ்வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு பழைய நூல்களைப் புரட்டியபொழுது, ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த வடநாட்டிலேயே ஒரு பள்ளியில் நடந்த வரலாறு கண்ணிற் பட்டது. அது நம் தமிழ் மக்களோடு நெருங்கிய தொடர்புடையது. நம்மவர் பலரும் அறியாதது. அதனை நம் குடும்பத்தாருக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்தி என்னும் கிழவிக்காக, மதுரையில் வையைக் கரையை அடைக்கச் சிவபெருமானே கூலியாளாக வந்து, பிட்டை வாங்கி உண்டு மண் சுமந்த திருவிளையாடலை நம் இல்லங்களில் அறியாத குழந்தை இராது. ஆளில்லாதவளுக்கு ஆளாக நின்று, அவள் பங்குக்குரிய மண்ணைத் தன் தலையிற் சுமப்பது இறைவனே விரும்பிச் செய்யும் தொண்டு என்பது அக்கதையின் கருத்து. அத்தகைய மண் சுமந்த கதை ஒன்று 1913ஆம் ஆண்டில் கங்கைக் கரையில் நடந்தது. அங்கே மண் சுமந்தவர்கள் பள்ளி மாணவர்கள். அவர்கள் யாருக்காகச் சுமந்தார்களோ, அவர்களிற் பெரும்பாலோர் தமிழர்.

கடல் கடந்த கூலிகள்

இவ்வரலாற்றின் வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'டிரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்யப்பட்ட 342 பேர் அதில் இருந்தனர். அவர்களுக்குப் பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் கப்பல் கப்பலாக நம்மவர் சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அந்நாட்டிலேயே தங்கிச் சிறு நிலமோ சிறு கடையோ வைத்து வாழத் தலைப்பட்டபொழுது, அங்கிருந்த வெள்ளையர் அரசு அதனைப் பொறுக்கவில்லை. 1895ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் தங்குவோர் ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்று விதித்தனர். பதினாறு வயது நிரம்பிய ஆண்பிள்ளைக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்பிள்ளைக்கும் கூட இவ்வரி உண்டு. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் கட்ட வேண்டும். கணவனின் மாத வருவாயோ பதினான்கு ஷில்லிங்குக்கு மேற்படுவதில்லை என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஆண்டு வருவாய் முழுவதும் எட்டுப் பவுன் எட்டு ஷில்லிங்; வரி பன்னிரண்டு பவுன்.

இவ்வரியை எதிர்த்து 1913ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காந்தியடிகள் அறப்போர் தொடுத்தார். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான பதினொருவர் நியூகாசில் நகருக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் வேலையை நிறுத்துமாறு எடுத்துரைத்தனர். அவர்கள் கடுங்காவல் சிறை பெற்றனர். தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறினர். நவம்பர் 6ஆம் நாள் எல்லை கடந்து நடைப்பயணம் புறப்பட்டது. ஆடவர் 2,037 பேர், பெண்டிர் 127 பேர், குழந்தைகள் 57 பேர் என்பது காந்தியடிகள் தரும் கணக்கு. அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த உணவு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்சு சர்க்கரையும் ஆகும். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அனைவரும் அறிவோம்.

வேலையை விட்ட குடும்பங்களுக்குச் சோறு போட வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். கோபால கிருஷ்ண கோகலே தம் உடல் நலிவையும் பொருட்படுத்தாது இந்தியா முழுவதும் நிதி திரட்ட முனைந்தார். நவம்பர்த் திங்களில் சென்னையில் பேசிய வைசிராய் ஹார்டிஞ்சு பிரபுவே அறப்போர் வீரர்பால் தம் பரிவை வெளிப்படையாகக் கூறினார். அரசர்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் நிதி வழங்கினர். முன்னரே, 1909இல், பம்பாய்ச் செல்வர் இரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அளித்திருந்தார். இவ்வாறு வந்த நன்கொடைகளிடையேதான், பணமே இல்லாத ஒரு பள்ளியின் நன்கொடையும் வந்து சேர்ந்தது.

கங்கைக் கரையில் ஒரு பள்ளி

அப்பள்ளி ஹரித்துவாரத்துக்கு எதிர்க்கரையில் இருந்த காங்ரி குருகுலம். அதனை நிறுவியவர் ஜாலந்தரில் வழக்கறிஞராக இருந்த முன்ஷிராம். ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த அவர், நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் நாட்டு முறையில், தாய்மொழி வாயிலாகக் கல்வி தரவேண்டும் என்று கருதினார். 30,000 ரூபாய் திரட்டும் வரை வீட்டினுள் காலெடுத்து வைப்பதில்லை என்று சூளுரைத்து ஊர் ஊராகச் சென்றார். சொன்ன சொல்லை நிறைவேற்றியும் காட்டினார். நஜீபாபாத்தைச் சேர்ந்த முன்ஷி அமன்சிங் என்னும் பெருந்தகை தமக்குரிய காங்ரிக் கிராமத்தையே பள்ளிக்கு வழங்கினார். குஜ்ரன்வாலாவில் 1900ஆம் ஆண்டு தொடங்கிய குருகுலம் 1902 மார்ச்சில் காங்ரிக்கு வந்து சேர்ந்தது. முதல் மாணவர்களுள் முன்ஷிராமின் புதல்வர்கள் இருவரும் இருந்தனர். பின்னாளில் ஜாலந்தரில் இருந்த தம் வீட்டையும் அவர் குருகுலத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

ஆகவே, அப்பள்ளி பிறந்ததே பிறர் கொடையினால்தான். நாடெங்கும் இரந்து பெற்ற பொருளால் அங்குள்ள பிள்ளைகள் உண்டனர், உடுத்தனர், படித்தனர். கொடுத்துப் பழகாமல் வாங்கிப் பழகும் நிறுவனங்களுக்கு ஒரு குறை உண்டாவது இயல்பு. வாங்குவது தம் உரிமை என்றும், கொடுப்பது பிறர் கடமை என்றும் அவை எண்ணத் தொடங்கிவிடும். முன்ஷிராம் தம் மாணவரை அக்குறைக்கு ஆளாக விடவில்லை என்பதற்கு 1913ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று.

தென்னாப்பிரிக்கச் செய்தி குருகுலத்தை எட்டியது. மாணவர் உள்ளம் துடித்தது. ஆனால் கொடுப்பதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? எட்டு வயதளவில் பெற்றோரைப் பிரிந்து வந்து, கல்வி முடியும் வரை ஆசிரியரோடு உறையும் பிரமசாரிகள் அவர்கள். கையில் காசு வைத்திருக்கும் வழக்கமில்லை. கடை வீதியில் உண்டியல் குலுக்கவும் இயலாது. ஏனெனில் பள்ளி காட்டின் நடுவே இருந்தது. தந்தைக்கு எழுதிப் பணம் வருவித்தால் அது தந்தையின் கொடையாகுமே அன்றித் தம் கொடையாகாது. யான் ரசீதுப் புத்தகத்தை நிரப்பிய கதைதான்.

அவர்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, நாள்தோறும் உண்ணும் பாலும் நெய்யும். மற்றொன்று, இரண்டு கைகள். இவ்விரண்டையுமே கொடுப்பது என்று துணிந்தனர். பாலையும் நெய்யையும் துறந்து, அவற்றுக்கு ஆகும் செலவைச் சேமித்தனர். அக்காலத்தில் ஹரித்துவாரத்துக்கு அருகே 'தூதியா' அணை கட்டப்பட்டு வந்தது. அங்கே நாட்கூலிகளாகச் சென்று சேர்ந்தனர். வேதமும் வடமொழி இலக்கணமும் பயின்ற இளைஞர்கள், குளிர்காலத்தில் கங்கைக் கரையில் கூலியாட்களோடு கூலியாட்களாக நின்று மண்ணும் கல்லும் சுமந்தனர். 'தூதியா' என்ற சொல்லுக்கு இந்தியில் பாலைப் போன்றது என்று பொருள். பாலைத் துறந்த பிள்ளைகளுக்குப் பாலின் பெயர் கொண்ட அணையே வேலை தந்தது.

இவ்விரு வழியாலும் சேர்ந்த தொகை 1,500 ரூபாய் என்பது குருகுலத்தார் சொல்லி வரும் கணக்கு. அது கோகலே வாயிலாகத் தென்னாப்பிரிக்க அறப்போருக்குச் சென்றது. டாட்டாவின் 25,000 ரூபாயோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு தொகையே. ஆயினும் யான் சரக்கு எழுத்தன். எதையும் சிறு அலகாகப் பிரித்துப் பார்ப்பவன். நாட்கூலி அணாக் கணக்கில் இருந்த காலம் அது. 1,500 ரூபாய்க்கு 24,000 அணா. அவ்வணா ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூடை மண்ணோ, ஒரு குவளைப் பாலோ இருந்தது. 24,000 அணாவிலும் 'இதில் நான் கொடுத்தது எது?' என்று கேட்க வேண்டிய அணா ஒன்றேனும் இல்லை.

மற்றொன்றும் கருதத் தக்கது. அம்மாணவரில் பெரும்பாலோர் பஞ்சாபியர், இந்தி பேசுவோர். நேட்டாலில் பட்டினி கிடந்தோரிற் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர். கொடுத்தவன் மொழி வாங்கியவனுக்குத் தெரியாது. வாங்கியவன் முகத்தைக் கொடுத்தவன் கண்டதில்லை. கூலிக்காரன் துன்பத்தை அறிய வேண்டுமானால் ஒரு நாளேனும் கூலிக்காரனாக நிற்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் செயலால் உணர்ந்தனர். நேட்டால் தோட்டத்தில் நின்ற தமிழனின் தோளும், கங்கைக் கரையில் நின்ற மாணவனின் தோளும் ஒரே வகையான சுமையால் நொந்தன.

மண்ணுக்கு மண்

அறப்போர் வென்றது. 1914ஆம் ஆண்டில் மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட்ரூசும் பியர்சனும் இந்தியாவினின்று தர்பன் சென்று காந்தியடிகளுக்குத் துணை நின்றனர். இந்தியா திரும்பியதும் காண வேண்டியவர்கள் மூவர் என்று ஆண்ட்ரூசு அவரிடம் கூறினார். கவி இரவீந்திரநாத் தாகூர், தில்லிக் கல்லூரி முதல்வர் சுசீல் ருத்ரா, மகாத்மா முன்ஷிராம் ஆகியோரே அம்மூவர். 1914 மார்ச்சில் காந்தியடிகள் நேட்டாலிலிருந்து முன்ஷிராமுக்கு மடல் எழுதினார். அதுகாறும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் பீனிக்ஸ் குடியிருப்பில் ஒரு பள்ளி நடத்தி வந்தார். அப்பிள்ளைகளும் ஆசிரியரும் அவருக்கு முன்னரே இந்தியா வந்து சேர்ந்தனர். அவருடன் வந்த பிள்ளைகளுள் தமிழ்ச் சிறுவர் ஐவர் இருந்தனர் என்று அவர் குறித்திருக்கிறார். அறப்போரில் அவருக்கு வலக்கை போல் விளங்கிய தம்பி நாயுடு தம் புதல்வர் நால்வரையும் அவரிடம் ஒப்படைத்திருந்தார். இங்கே உற்றாரும் இல்லை, ஊரும் தெரியாது. இப்பிள்ளைகளுக்கு முதலில் உறைவிடம் தந்தது காங்ரி குருகுலமே. முன்ஷிராம் அவர்களைத் தம் மக்களைப் போலவே போற்றினார் என்று காந்தியடிகள் நன்றியுடன் எழுதுகிறார். பின்னர் அவர்கள் தாகூரின் சாந்திநிகேதனத்துக்குச் சென்றனர்.

சாந்திநிகேதனத்தில் நடந்ததையும் சற்றே கூற வேண்டும். பீனிக்ஸ் பிள்ளைகள் தம் சமையலையும் துப்புரவையும் தாமே செய்து பழகியவர்கள். 1915 பிப்ரவரியில் அங்கு வந்த காந்தியடிகள், சம்பளச் சமையற்காரரை விடுத்து, மாணவரும் ஆசிரியரும் தம் வேலையைத் தாமே செய்து பார்க்கலாமே என்று கூறினார். தாகூரும் இசைந்தார். மார்ச்சு 10ஆம் நாள் அம்முயற்சி தொடங்கிற்று. நூற்றிருபத்தைந்து பிள்ளைகள். சிலர் காய் நறுக்கினர். சிலர் அரிசி களைந்தனர். சிலர் சமையற்கட்டையும் சுற்றுப்புறத்தையும் தூய்மை செய்தனர். பெரிய பாத்திரங்களைத் தேய்ப்போருக்குச் சோர்வு தெரியாதிருக்க, வேறு சில மாணவர் அவர்கள் முன் அமர்ந்து சித்தார் வாசித்தனராம். எல்லோரும் மகிழ்ந்தனர் என்று கூற முடியாது. சிலர் விரைவில் களைத்தனர். சில காலத்துக்குப் பின் அம்முயற்சி நின்றும் போயிற்று. ஆயினும் மார்ச்சு 10ஆம் நாளைக் 'காந்தி புண்ணியாகம்' எனக் கொண்டாடி, அன்று பணியாளருக்கு ஓய்வளித்து மாணவரும் ஆசிரியரும் வேலை செய்யும் வழக்கம் அங்கே நிலைபெற்றது.

அவ்வாண்டு ஏப்ரலில் ஹரித்துவாரத்தில் கும்பமேளா. பதினேழு இலட்சம் மக்கள் வந்ததாகக் காந்தியடிகள் கேட்டு எழுதுகிறார். சகரன்பூரிலிருந்து ஹரித்துவாரத்துக்கு யாத்திரிகரைச் சரக்கும் கால்நடையும் ஏற்றும் வண்டிகளில் அடைத்து அனுப்பினர் என்றும், மேற்கூரையில்லாத அவ்வண்டிகளில் உச்சி வெயிலும் கொதிக்கும் இரும்புத் தளமும் வாட்டின என்றும் அவர் எழுதியிருப்பதை, இரயில்வேயில் உழைக்கும் நாம் வெட்கத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. அம்மக்கட் கடலுக்குத் தொண்டு செய்ய, இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த பண்டித இருதயநாத் குன்சுரு தொண்டர் படை ஒன்றை நடத்தினார். அதற்குத் துணையாகப் பீனிக்ஸ் பிள்ளைகள் அழைக்கப்பட்டனர்.

அப்பிள்ளைகள் ஏற்ற வேலை யாது? கழிப்பிடங்களுக்கெனக் குழிகள் தோண்டப்பட்டிருந்தன. அவற்றில் சேரும் மலத்தை அவ்வப்போது மண்ணிட்டு மூட வேண்டும்.  அவ்வேலையைத் தம் பிள்ளைகள் செய்வர் என்று காந்தியடிகள் ஏற்றுக்கொண்டார். ஏற்றவர் தாமே எனினும், அதனைச் செய்து முடித்தவர் பிறரே என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவர் கூடாரத்தில் அமர்ந்து, தம்மைக் காண வந்தோருக்கு விடை கூறிக் கொண்டிருக்க, பிள்ளைகள் மண்வெட்டியும் கூடையுமாக நின்றனர்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். 1913இல் ஹரித்துவாரத்துக்கு அருகே வடநாட்டு மாணவர் மண் சுமந்தனர், கடல் கடந்த தமிழ்க் கூலிகளுக்காக. 1915இல் அதே ஹரித்துவாரத்தில் கடல் கடந்து வந்த தமிழ்ச் சிறுவர் உள்ளிட்டோர் மண் சுமந்தனர், வடநாட்டு யாத்திரிகருக்காக. இஃது யாரும் திட்டமிட்டுச் செய்த கைம்மாறு அன்று. ஆயினும் மண்ணுக்கு மண்ணாகவே கடன் தீர்ந்தது. அந்நாட்களில் காந்தியடிகள் குருகுலம் சென்று முன்ஷிராமை நேரிற் கண்டு தம் நன்றியைத் தெரிவித்தார்.

முன்ஷிராம் 1917இல் துறவு பூண்டு சுவாமி சிரத்தானந்தர் ஆனார். 1926 டிசம்பர் 23ஆம் நாள் தில்லியில் கொலையுண்டார். 1924ஆம் ஆண்டுக் கங்கை வெள்ளம் காங்ரியிலிருந்த பள்ளிக் கட்டடங்களை அழித்தது. ஊருக்காக அணையில் மண் சுமந்த பள்ளியை ஆறே கொண்டு போயிற்று. ஆயினும் குருகுலம் அழியவில்லை; ஆற்றின் இக்கரைக்கு மாறி வளர்ந்து, 1962இல் பல்கலைக்கழகத்துக்கு நிகரான நிலை பெற்றது. சாந்திநிகேதனத்திலும் தொண்டு வளர்ந்தது. பியர்சன் அருகிலிருந்த சந்தாலர் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். அவ்விடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1922இல் சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனம் தோன்றிச் சுற்றுக் கிராமங்களின் உழவு, கைத்தொழில், நலவாழ்வு ஆகியவற்றைத் தன் பாடமாகவே ஏற்றது.

நாம் செய்ய வேண்டுவது

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். இவ்வூருக்கு வந்த நாள் முதல் நாமும் வாங்கியே வாழ்கிறோம். நம் சங்கக் கட்டடத்துக்கு இவ்வூர் வணிகர் கொடுத்தனர். நம் விழாக்களுக்கு ஆண்டுதோறும் விளம்பரம் தருகின்றனர். இம்மலரின் பக்கங்களைப் புரட்டினாலே அவ்வுண்மை விளங்கும். நாம் திரும்பக் கொடுத்தது என்ன? நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, நம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி, நம் பிள்ளைகளுக்குப் பரிசு. இவை வேண்டா என்று யான் கூறேன். இவற்றோடு நின்றுவிட்டது போதாது என்றே கூறுகிறேன்.

யான் பணி செய்யும் சரக்குக் கொட்டகையில் மூட்டை சுமப்போர் பலர் இருக்கின்றனர். இருப்புப் பாதைக்கு அப்பால் அவர்கள் குடிசைகள். அவர்கள் பிள்ளைகள் மாலை வேளையில் விளக்குக் கம்பத்தடியில் விளையாடுவதை அலுவலகச் சன்னல் வழியே நாள்தோறும் காண்கிறேன். அவர்கள் மொழி நம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆயினும் இருப்புப் பாதையைக் கடந்து நம் பிள்ளை எவனும் அங்குச் சென்றதில்லை. ஒரு காலத்தில் நேட்டாலில் மூட்டை சுமந்தவன் நம் உறவினன். அவனுக்காக இம்மண்ணின் பிள்ளை மண் சுமந்தான். இன்று நம் கண் எதிரே மூட்டை சுமப்பவன் இம்மண்ணின் மகன். கடன் யாரிடம் இருக்கிறது என்பதை யான் விளக்க வேண்டுவதில்லை.

பெற்றோர் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவேன். "படிக்கிற பிள்ளையைக் கூடை தூக்கச் சொல்வதா?" என்பர். சாந்திநிகேதனத்திலும் அவ்வாறே சிலர் எண்ணினர். பிள்ளைகளின் படிப்பு கெடும் அளவுக்கு எதையும் செய்ய வேண்டா. ஆண்டில் ஒரு நாள், மார்ச்சு 10ஆம் நாளையே எடுத்துக்கொள்ளலாம், நம் பிள்ளைகளும் நாமும் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்து இருப்புப் பாதைக்கு இருபுறமும் தூய்மை செய்யலாம். வாரத்தில் இரு மாலை, மேல் வகுப்புப் பிள்ளைகள் சங்கக் கூடத்தில் அக்குடிசைப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கலாம். நிதி திரட்ட வேண்டிய காலம் வந்தால், ரசீதுப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், பதினைந்து நாட்களுக்கு எந்தத் தின்பண்டத்தை விட்டுத் தருவாய் என்று பிள்ளையையே கேட்கலாம். தொகை குறையும். குறையட்டும். எழுதப்படும் ஒவ்வொரு காசும் அப்பிள்ளையின் காசாக இருக்கும்.

யான் நிரப்பிய அந்த இருபத்திரண்டு ரசீதுகளால் வீடிழந்தோருக்குப் பயன் இல்லாமற் போகவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் என் குழந்தைக்கு உரிய பங்கை யான் பறித்துக்கொண்டேன். அவள் கேட்ட வினாவுக்கு அன்று விடை கூறவில்லை. இம்மலர் அச்சாகி வந்ததும், அவளை அருகில் அமர்த்தி இக்கட்டுரையைப் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். அவள் கொடுத்தது மூன்று வீட்டுக் கதவைத் தட்டிய அந்த மூன்று ரசீதுகளே என்றும், அது சிறிதன்று என்றும் அப்பொழுது கூறுவேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க நம்மை வாழவைக்கும் இவ்வூர்!